மொழி ஈன்ற இனம்

நுழையும்முன்

பெயரும் உருவும் உடையும் தந்துவிட்டால் கதைமாந்தர் உயிர்பெற்றுவிடுவர் என்று கருதுவோர் பலர். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் பகைவராய்த் தோன்றிய கற்பனை இனம் ஒன்று, தனக்கென மொழி வாய்த்தபின் அடைந்த மாற்றத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பகைவராய்ப் பிறந்தோர்

‘ஸ்டார் டிரெக்’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடர் 1966ஆம் ஆண்டு ஒளிபரப்பாகத் தொடங்கியது. விண்கப்பல் ஒன்றில் கோள்தோறும் செல்வோரின் கதை அது. அவர்களுக்குப் பகையாகக் கிளிங்கன் என்னும் வேற்றுலக இனத்தை எழுத்தாளர் ஜீன் கூன் மறு ஆண்டில் படைத்தார். அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் பனிப்போரில் எதிரெதிர் நின்ற காலமாதலால், கிளிங்கன்களிடம் சோவியத்தின் சாயலைக் காண்பது எளிதாயிற்று. முகத்தில் சிறிது கருமை, திருத்திய புருவம் ஆகியவையே அவர்களின் ஒப்பனை. பேசியதோ ஆங்கிலம்.

1979இல் வெளியான திரைப்படத்தில் அவர்தம் நெற்றியில் எலும்பு மேடுகள் தோன்றின. நடிகர் ஜேம்ஸ் டூகன் அமைத்த சில சொற்களும் ஒலித்தன. அச்சொற்களை அடிப்படையாகக் கொண்டு 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்காக முழுமொழி ஒன்றை உருவாக்கியவர் மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட். இவர் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்தது முத்சுன் என்னும் கலிபோர்னியத் தொல்குடி மொழியின் இலக்கணம். அதனைச் சரளமாகப் பேசிய இறுதி மூதாட்டி 1930இல் மறைந்தார். அவர் பேசக் கேட்டு ஆய்வாளர் ஹாரிங்டன் எழுதிவைத்த குறிப்புகளே ஓக்ராண்டிற்கு முதன்மைச் சான்று. வாய்மொழி அடங்கிய மொழியொன்றைத் தாளிலிருந்து கற்றவர், வாயே இல்லாத மக்களுக்கு மொழி சமைத்தார்.

வீரனும் புலியும்

வேற்றுலகத்தார் மொழி மாந்தர் செவிக்கு அயலாக ஒலிக்கவேண்டும் என்பதற்காக, உலக மொழிகளில் மிக அரிதான சொல்வரிசையை ஓக்ராண்ட் தேர்ந்தார். செயப்படுபொருள் முதலிலும் வினை இடையிலும் எழுவாய் இறுதியிலும் நிற்கும். ஆங்கிலேயர்க்கு இது தலைகீழ். ‘புலியைக் கொன்றான் வீரன்’ என்று சொல்லிப் பழகிய தமிழர்க்கோ வியப்பில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ‘ஐ’ உருபு இருப்பதால் தமிழில் சொற்கள் இடம்மாறினும் பொருள் மாறாது. கிளிங்கனில் அத்தகைய உருபு இல்லை. புலியும் வீரனும் இடம்மாறினால் வீரன் மாண்டுபோவான். நாவை வளைத்து ஒலிக்கும், டகரத்தை ஒத்த ஓர் ஒலியும் அதில் உண்டு. வினைச்சொல் ஒன்பது வகைப் பின்னொட்டுகளை ஏற்கும்.

இலக்கணத்தைவிட நுட்பமானது அம்மொழியில் இல்லாத ஒன்று. கிளிங்கனில் வணக்கம் கூறும் சொல் கிடையாது. ஒருவரைக் கண்டதும் ‘என்ன வேண்டும்?’ என்றே கேட்பர். முகமன் பாராட்டாத, நேர்நின்று பேசும் போர்வீரர் கூட்டம் ஒன்று இவ்வொரு வழக்கிலேயே கண்முன் எழுகிறது. நெற்றி மேடுகளால் அது இயன்றிருக்காது.

பகைவர்க்கும் பின்னர் வீடும் குலமும் சடங்கும் அமைந்தன. 1987இல் தொடங்கிய புதிய தொடரில் வோர்ஃப் என்னும் கிளிங்கன் அதே படையின் கப்பலில் அதிகாரியாகவே பணியாற்றினார். சோவியத்து ஒன்றியம் கலைந்த 1991 திசம்பரில் வெளிவந்த திரைப்படம், இரு தரப்பும் அமைதி தேடுவதைக் காட்டியது. அதில் கிளிங்கன் தலைவர் ஒருவர், சேக்சுபியரைக் கிளிங்கன் ‘மூலத்திலேயே’ படிக்கவேண்டும் என்று விருந்தில் பெருமிதத்துடன் கூறுவார். இந்நகைச்சுவையை மெய்யாக்க ஆர்வலர் சிலர் முனைந்தனர்; 1996இல் ‘ஹாம்லெட்’ நாடகம் முழுவதும் கிளிங்கனில் அச்சாயிற்று.

இவ்வளர்ச்சிக்கும் ஓர் எல்லை இருந்தது. 1990களில் அமெரிக்க மொழியியலாளர் ஒருவர் தம் மகனிடம் பிறந்தது முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கிளிங்கனிலேயே பேசினார்; தாய் ஆங்கிலத்தில் பேசினார். போர்க்கும் விண்கலத்திற்கும் சொல் மிகுந்திருந்த அம்மொழியில், வீட்டில் நாளும் புழங்கும் பொருள்கள் பலவற்றிற்குச் சொல் இல்லை. தந்தை கூறியதைக் குழந்தை புரிந்துகொண்டது. ஆனால் நாளடைவில் விடையை ஆங்கிலத்திலேயே கூறத் தொடங்கியது. தந்தையும் அம்முயற்சியை நிறுத்திக்கொண்டார்.