பிள்ளையின் தலைவலி, வாந்தி: பெற்றோர் கவனத்திற்கு



பிள்ளைகளுக்குத் தலைவலி, வாந்தி வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். மூளைக்கட்டி அரிதான நோய். அரிது என்பதாலேயே அது யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. வாந்திக்குப் பூச்சி மருந்து, தலைவலிக்குக் கண்ணாடி, வலிப்பு வந்தால் கண்ணேறு என்று வாரங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் கட்டி வளர்ந்து, பார்வையையும் நடையையும் பறித்துவிடலாம்.

பிரிட்டனிலும் இந்தத் தாமதம் இருந்தது. அறிகுறி தொடங்கி நோய் தெரியவே பாதிப் பிள்ளைகளுக்கு 14 வாரங்களுக்கு மேல் ஆனது. 2011-இல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற இயக்கம் அறிகுறி அட்டைகளைப் பெற்றோரிடமும் மருத்துவர்களிடமும் கொண்டு சேர்த்தது. சில ஆண்டுகளில் அந்தக் காலம் 7 வாரத்துக்கும் கீழே இறங்கியது.

கவனிக்க வேண்டியவை:

1. 2 வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு வரும் வாந்தி, குறிப்பாகக் காலையில்.
2. 4 வாரத்துக்கு மேல் நீடிக்கும் தலைவலி; தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி.
3. நடையில் தள்ளாட்டம், கை நடுக்கம், கையெழுத்து மாறுதல்.
4. புதிதாக வந்த மாறுகண், பொருள் இரண்டாகத் தெரிதல்.
5. தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருத்தல்.
6. காய்ச்சல் இல்லாமல் வலிப்பு.
7. சுறுசுறுப்பான பிள்ளை காரணமின்றிச் சோர்ந்து போதல்.
8. கைக்குழந்தையின் தலை வேகமாகப் பெரிதாதல்.

ஒரு குறி நீடித்தாலே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு சேர்ந்து வந்தால் அன்றே காட்டுங்கள். வலிப்பு என்றால் 108-ஐ அழையுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுதி வைத்து, பிள்ளை நடப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். "ஸ்கேன் தேவையா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை, 2022-இல் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவை நமக்கு அருகிலேயே உள்ளன. மேல்சிகிச்சைக்குத் திருச்சி அரசு மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

நம் வீடுகளில் அத்தா வளைகுடாவில் இருப்பார். அவர் போன் செய்யட்டும் என்று அம்மா காத்திருப்பார். காத்திருக்க வேண்டாம். முதலில் மருத்துவமனை, பிறகு போன். மதரஸா உஸ்தாதுமார்களும் மேற்சொன்ன குறிகளைக் கண்டால் வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டுகிறோம்.

ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வதும் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழிதான். துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் காட்டுவோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.