டி.வி. கைடு காலியானால் பார்மட்தான் மருந்தா?



பழைய கம்ப்யூட்டரையோ ராஸ்பெர்ரி பை போர்டையோ டி.வி.யோடு இணைத்து, 'கோடி' மென்பொருளைப் போட்டு மீடியா சென்டர் ஆக்கியவர்கள் நம்மிடையே உண்டு. கோடி என்றதும் பணம் என்று நினைத்துவிடாதீர்கள், இது இலவசம்தான்! முன்பு எக்ஸ்.பி.எம்.சி. என்று இருந்தது, 2014-ல் பெயர் மாறியது.

எந்தச் சேனலில் எப்போது என்ன நிகழ்ச்சி என்று காட்டும் கைடு ஒருநாள் திடீரென்று காலியாகிவிடும். அல்லது அதைத் திறந்ததும் மென்பொருளே மூடிக்கொள்ளும். கடையில் கொடுத்தால் "பார்மட் பண்ணிடலாம் தம்பி" என்பார்கள். பண்ணினால் கைடு வரும். ஆனால் அதே டிஸ்கில் இருக்கும் அக்கா கல்யாண வீடியோ போயிடும். அதற்கு முன் நாமே என்ன பார்க்கலாம்?

கைடு எங்கே இருக்கிறது?

கோடி தன் விவரங்களை எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் வைக்கிறது. 2000-ல் ரிச்சர்டு ஹிப் உருவாக்கியது இது. நம் ஆண்ட்ராய்டு போனிலும் இதுதான் இருக்கிறது. 'யூசர்டேட்டா' போல்டருக்குள் 'டேட்டாபேஸ்' என்ற போல்டரைப் பாருங்கள். 'இ.பி.ஜி.' என்று தொடங்கும் பைல் கைடு. 'மை வீடியோஸ்' என்று தொடங்குவது நம் வீடியோ பட்டியல், எதைப் பார்த்து முடித்தோம் என்ற குறிப்பு. முதலாவது போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவதில் நாம் சேர்த்த குறிப்புகள் போனால் போனதுதான். இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

ஏன் கெடுகிறது?

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கும்மிடிப்பூண்டியில் ரோலிங் மில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு இதை இப்படித்தான் விளக்கினேன். கணக்கு நோட்டில் ஒரு எண்ணை மாற்றும் முன் பழைய எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறோம். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிடுகிறோம். நடுவில் கரண்ட் போய்விட்டால், அடுத்து வருபவர் சீட்டைப் பார்த்து பழைய எண்ணையே எழுதிவிடுவார். அந்தச் சீட்டுக்குப் பெயர் ஜர்னல் பைல். டபிள்யூ.ஏ.எல். என்று முடியும் பைல் இருந்தால் அதில் முறை வேறு: புதிய எண்கள்தான் சீட்டில் இருக்கும். கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "அப்போ சீட்டைத் தூக்கிப் போட்டவன்தாண்டா குற்றவாளி!"

உண்மை அதுதான். கரண்ட் போனால் மட்டும் எஸ்க்யூலைட் கெடக்கூடாது. எழுதி முடிக்காமலே 'முடிச்சிட்டேன்' என்று பொய் சொல்லும் மெமரி கார்டு, கெட்ட செக்டார், பழுதான ராம், ஜர்னலை 'குப்பை பைல்' என்று அழிக்கும் நம் கை - இவை சேரும்போதுதான் கெடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியவை

அ) கடிகாரம் சரியா? பை 4 வரையிலான போர்டுகளில் பேட்டரி கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தபின் நெட் இல்லாவிட்டால் தேதி தப்பாகி கைடு காலியாகத் தெரியும்.

ஆ) ஒரு சேனல் மட்டும் காலியா? பெயர் மாறியிருக்கலாம். 2024 ஜனவரியில் பொதிகை, 'டிடி தமிழ்' ஆனது. நம் பட்டியலில் பழைய அடையாளம் இருந்தால் பொருந்தாது.

இ) டிஸ்கில் இடம் இருக்கிறதா?

சரிசெய்யும் முறை

1. கோடியை முழுவதும் நிறுத்துங்கள்.

2. டேட்டாபேஸ் போல்டர் முழுவதையும், ஜர்னல் பைலும் சேர்த்து, பெயர் மாற்றாமல் பென் டிரைவில் காப்பி எடுங்கள். இனி சோதனை எல்லாம் காப்பியில்தான்.

3. எஸ்க்யூலைட் கருவியில் காப்பியைத் திறந்து 'இன்டெக்ரிட்டி செக்' கொடுங்கள். 'ஓகே' என்று வந்தால் டேட்டாபேஸ் மேல் பழி இல்லை. 'மால்பார்ம்டு' என்று வந்தால் கெட்டிருக்கிறது. இன்டெக்ஸில் வரிசை இல்லை என்று மட்டும் வந்தால் 'ரீஇன்டெக்ஸ்' போதும்.

4. கெட்டது கைடு பைல் என்றால் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு கோடியைத் திறங்கள். புதிதாக அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

5. கெட்டது வீடியோ பட்டியல் என்றால் அழிக்காதீர்கள். 2019 முதல் உள்ள 'ரெக்கவர்' கட்டளையால் மீட்டு, புது பைலில் ஏற்றுங்கள். முழுவதும் வராவிட்டாலும் கிடைத்தவரை லாபம்.

6. திரும்பத் திரும்ப வந்தால் மெமரி கார்டை மாற்றுங்கள். சின்ன யு.பி.எஸ். ஒன்றும் வையுங்கள்.

நமக்கு ஏன் இது?

நாளை நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ திருவள்ளூர் பக்கத்துக் கம்பெனிக்கோதான் போகப்போகிறோம். அங்கே எடைமேடை ரசீது, பர்னஸ் வெப்பநிலை எல்லாம் இதே மாதிரி டேட்டாபேஸில்தான் பதிவாகும். டி.வி. கைடை மறுபடி இறக்கலாம். நேற்று ராத்திரி ஷிப்டின் வெப்பநிலையை எங்கிருந்து இறக்குவது? லாரிக்காரர் கூலி அந்த ரசீதில்தானே இருக்கு? பார்மட் பண்ண யாருக்கும் டிப்ளமா தேவையில்லை. எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்துப் பார்க்கத்தான் நாம் படிக்கிறோம். ஆகவே நண்பர்களே, முதலில் காப்பி, பிறகு சோதனை, கடைசியில்தான் பார்மட்!

- மூன்றாமாண்டு மாணவன், கணினித் துறை