கட்டையா, வில்லா?
பிக்கப் வண்டியை உயர்த்தும் முறைகள் பற்றி ஒரு பாடம்



சுமை ஏற்றுவதற்கென்றே பிறந்த பிக்கப் வண்டி, இன்று மலைப் பயணத்துக்கும் உரிய வண்டியாக வளர்ந்துவிட்டது. 2016-இல் ஆந்திரத்து ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வெளிவந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றைக் கண்டு மனம் பறிகொடுத்தோர் நம் விடுதிகளிலும் உளர். ஊரில் தந்தையோ தமையனோ இத்தகைய வண்டியை வைத்துப் பிழைப்பு நடத்துவோரும் உளர். இவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: “வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். ஸ்பேசர் என்னும் இடைக்கட்டை போதுமா? அல்லது சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டுமா?”

கட்டைக்கு ஆகும் செலவு சிறிது; முழு சஸ்பென்ஷனுக்கோ அதைப்போல் பல மடங்கு. எனவே பலரும் கட்டையை நாடுவதில் வியப்பில்லை. ஆயினும் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தகாது. கட்டை என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று முதலில் அறிவோம்.

அமைப்பு

மேற்சொன்ன வண்டிகளின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் மேற்கை, கீழ்க்கை என இரு இரும்புக் கைகளால் சட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. கீழ்க்கைக்கும் சட்டத்துக்கும் இடையே சுருள்வில் நிற்கிறது. அதன் நடுவே ஷாக் அப்சார்பர் இருக்கிறது. பின்புறத்திலோ ஒரே நீண்ட அச்சு. அதனைப் பட்டை பட்டையாக அடுக்கிய வில் தாங்குகிறது. வில் சுமையைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் வில்லின் துள்ளலை அடக்கும். இவ்விரண்டின் பணியும் வேறு வேறு என்பதை மறத்தலாகாது.

முன்புறக் கட்டைகள்

முன்புறத்தில் கட்டை வைக்க இரு வழிகள் உண்டு. சுருள்வில்லும் ஷாக்கும் சேர்ந்த தொகுதியின் தலைக்கும் சட்டத்துக்கும் இடையே வைப்பது ஒன்று. தொகுதியைப் பிரித்து, வில்லுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே வைப்பது மற்றொன்று. வில் தொகுதி கீழ்க்கையின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், அங்கே 25 மி.மீ. கட்டை வைத்தால் சக்கரத்தருகே ஏறத்தாழ 50 மி.மீ. உயரம் கிடைக்கும். இதனை அறியாமல், “இரண்டு அங்குலம் வேண்டும், இரண்டு அங்குலக் கட்டை கொடு” என்று கேட்பவர் இடர்ப்படுவர்.

வில்லின் மேல் கட்டை வைத்தால் வில் கடினமாகிவிடும் என்பது பரவலான எண்ணம். அது சரியன்று. வண்டியின் எடை மாறவில்லை. ஆகவே நிற்கும் வண்டியில் வில் எவ்வளவு அமுங்கியிருந்ததோ அவ்வளவே இன்றும் அமுங்கியிருக்கும். மாறுவது ஷாக்கின் நிலையே. சக்கரம் மேலே 100 மி.மீ., கீழே 100 மி.மீ. எனச் செல்ல இடமுள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். இம்முறையில் 50 மி.மீ. உயர்த்தினால் மேலே 150, கீழே 50 என்றாகும். மொத்தம் 200 மாறவில்லை. கூட்டியது ஓரிடம், குறைந்தது மறுவிடம். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் விரைவில் தன் எல்லையை அடைந்து ‘டக்’கென்று அடிக்கும். கட்டை வைத்த வண்டி முரட்டுத்தனமாக ஓடுகிறது என்பதன் காரணம் இதுவே.

தொகுதியின் தலைமேல் வைக்கும் கட்டை வேறு வகையான தொல்லை தரும். அது தொகுதியையே நீளமாக்கியதற்கு ஒப்பாகும். சக்கரம் முன்னிலும் கீழே தொங்கும். மேற்கை வில்லை உரசக்கூடும். சக்கரம் முழுதும் மேலேறும்போதோ, அதனைத் தடுக்க வேண்டிய முட்டு ரப்பரைத் தொடுமுன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிக்கொள்ளக்கூடும். கட்டை எவ்வளவு தடிப்போ அவ்வளவு ஆபத்து.

பின்புறக் கட்டைகள்

பின்புறத்தில் அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து, நீண்ட யூ போல்ட்டால் இறுக்குவர். இதனால் வில்லின் தாங்குதிறன் சிறிதும் கூடுவதில்லை. ஆயிரம் கிலோ ஏற்றினால் முன்பு எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவே இப்போதும் தாழும். அன்றியும், அச்சு வில்லிலிருந்து விலகி நிற்பதால், வேகமெடுக்கும்போதும் நிறுத்தும்போதும் அது முறுக்கிக்கொள்ள முயலும்; வில்லும் உடன் முறுக்கும். ஆகவே ஒரு கட்டைமேல் மற்றொரு கட்டை அடுக்குவது ஒருபோதும் கூடாது.

மற்றொன்றும் உண்டு. சில பிக்கப் வண்டிகளில், சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டே அது சுமையை அறியும். வண்டியை உயர்த்திவிட்டு வால்வைத் திருத்தாமல் விட்டால், ஏற்றிய வண்டியையும் வெறும் வண்டி என்றே அது எண்ணும். பின் பிரேக்கைக் குறைக்கும். இறக்கத்தில் சுமையோடு வருபவனுக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

மாற்று சஸ்பென்ஷன்

சஸ்பென்ஷனை மாற்றுவது என்றால், உயரமான புதிய வில், அதற்கேற்ற நீளமும் அடக்கும் திறனும் கொண்ட ஷாக், தேவையானால் புதிய மேற்கை ஆகியவற்றை ஒரு தொகுதியாகப் பொருத்துதல். 1975-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தோன்றிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ‘ஓல்டு மேன் எமு’ போன்ற தொகுதிகள், வண்டி சுமக்கும் எடைக்கேற்ப வெவ்வேறு வில்களோடு கிடைக்கின்றன.

எடை என்ற சொல்லைக் கவனியுங்கள். சக்கரத்தருகே ஒரு மி.மீ. தாழ 2.5 கிலோ தேவைப்படும் வண்டி ஒன்றைக் கொள்வோம். அதன் முகப்பில் கனத்த இரும்புக் காப்பும் வின்ச்சும் பொருத்தியதால், முன்சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் 50 கிலோ கூடிற்று என்க. 50-ஐ 2.5-ஆல் வகுத்தால் 20 மி.மீ. கட்டையால் பெற்ற 50-இல் 20 போயிற்று! வலிய வில்லானால் இத்தாழ்வு குறையும். ஆகவே நிலையான சுமை உடையவனுக்குக் கட்டை விடையாகாது, வில்லே விடை. ஆனால் வெறும் வண்டிக்கு மிக வலிய வில்லைப் பூட்டினால் அது துள்ளித் துள்ளி ஓடும். வலிமை மிகுந்தது எல்லாம் சிறந்தது அன்று, பொருந்தியதே சிறந்தது.

இரண்டுக்கும் பொதுவான குறைகள்

விலையுயர்ந்த தொகுதியாலும் நீங்காத குறைகள் சில உள்ளன. அவை உயரத்தின் விளைவே அன்றி முறையின் விளைவு அல்ல.

முதலாவது, முன்சக்கரங்களுக்கு விசை கொண்டு செல்லும் அச்சின் சி.வி. ஜாயின்ட் கூடுதலாக வளைந்து சுழலும். அதன் ரப்பர் உறை கிழியும், ஜாயின்ட் தேயும். இரண்டாவது, சக்கரங்களின் கோணங்கள் மாறும். எனவே அலைன்மென்ட் செய்தே ஆகவேண்டும். முகப்பு விளக்கையும் தாழ்த்த வேண்டும். இல்லையேல் எதிரே வருபவன் கண் கூசும்.

மூன்றாவது, வண்டி கவிழும் இயல்பு. சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தைப் புவியீர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் வண்டியின் நிலைத்தன்மை எண் கிடைக்கும். அகலம் 1.55 மீட்டர், மைய உயரம் 0.70 மீட்டர் எனில் அது 1.11. மையம் 5 செ.மீ. உயர்ந்தால் 1.03. அஃதாவது, ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு உறுதி குறைந்தது. வளைவில் உயிர் காப்பது இந்த எண்ணே.

நான்காவது, பின்னச்சின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் குடம் எம்முறையாலும் உயர்வதில்லை! வண்டியின் உடல் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய டயர் ஒன்றே அதனை உயர்த்தும். அதுவும் விட்டம் கூடியதில் பாதியளவே. ஐஸ்லாந்தில் பனிமேல் ஓடும் வண்டிகளை உயர்த்துவது அழகுக்காக அன்று. காற்றைக் குறைத்து ஓட்டும் அகன்ற பெரிய டயருக்கு இடம் வேண்டியே உயர்த்துகின்றனர்.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஆகவே பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்பதே முறை.

முடிவு

இனித் தொகுத்துக் காண்போம். வண்டி பழையதாகித் தாழ்ந்திருந்தால், உயர்த்துவதைப் பற்றி எண்ணாமல் தேய்ந்த வில்லையும் ஷாக்கையும் அதே அளவில் மாற்றுக. இழந்த உயரம் தானே வரும். முகப்பு தாழ்ந்து தோன்றுவதைச் சிறிது சரிசெய்வதே நோக்கமாகி, சுமையும் கரடான பாதையும் இல்லையேல், தரமான மெல்லிய கட்டை போதும். கூடுதல் எடையோ கரடான பாதையோ உண்டெனில் கட்டை வேண்டா. பொருந்திய வில்லும் ஷாக்குமே வேண்டும். அதற்குப் பணம் போதாவிடின், சேரும்வரை காத்திருப்பதே சிக்கனம். சரக்கேற்றிக் குடும்பத்தைக் காக்கும் வண்டியையோ உயர்த்தவே வேண்டா.

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பர் நம் முன்னோர். வண்டிக்கும் அது பொருந்தும். எவ்வளவு உயரம் என்று கேட்குமுன், எதற்காக உயரம் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தால், கட்டையா வில்லா என்ற ஐயம் தானே தீரும்.