கார்ப் புகைக்குழாயில் ஒரு மின்கலம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வால்டர் நெர்ன்ஸ்ட் ஒரு மின்விளக்கைச் செய்தார். அதன் தண்டு சிர்க்கோனியம் ஆக்சைடுடன் இட்ரியம் போன்ற தனிமங்களின் ஆக்சைடைக் கலந்து சுட்ட பீங்கான். குளிர்ந்திருக்கும்போது அது மின்சாரத்தைக் கடத்தாது, சூடானால் கடத்தும். ஆகவே முதலில் தீச்சுடராலோ தனிச் சுருளாலோ அதைச் சூடேற்ற வேண்டியிருந்தது. டங்ஸ்டன் இழை வந்தபின் அவ்விளக்கு மறைந்து போயிற்று. ஆனால் அந்தப் பீங்கான் இன்று பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி என்ற பெயரில் அமர்ந்திருக்கிறது. சூடேற்றும் தொல்லையும் அதனுடனேயே வந்துவிட்டது.

எடை ஒன்று பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ எடை 14.7 காற்று வேண்டும். இவ்விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் நச்சுப் புகையை மாற்றும் வினையூக்கி மாற்றி செம்மையாக வேலை செய்யும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 முதலும், பின்னர் நாடெங்கும் புதிய பெட்ரோல் கார்களில் இது இடம்பெற்றது. 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் நிலை 6 விதிகள் இன்னும் கடுமையானவை. விகிதம் சரியா என்று எஞ்சினின் கணினிக்குச் சொல்வது இந்த உணரியே.

பீங்கானின் ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் புகை. இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. இரண்டு பக்க ஆக்சிஜன் அழுத்தமும் வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றும். நாம் பாடத்தில் படிக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலேயே கணக்கிடலாம். 900 கெல்வினில் RT/4F என்பது 0.0194 வோல்ட். புகையில் ஆக்சிஜன் 2 விழுக்காடு மிஞ்சியிருந்தால் 0.05 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். பெட்ரோல் மிகுந்து ஆக்சிஜனின் அழுத்தம் 10⁻²⁰ வளிமண்டலம் அளவுக்கு இறங்கிவிட்டால் 0.86 வோல்ட். நடுவே செங்குத்தான தாவல். தேர்வுக்கு மனப்பாடம் செய்த சமன்பாடு ஒரு புகைக்குழாயில் உயிரோடு இருப்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இவையெல்லாம் பீங்கான் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான பிறகுதான். 1976இல் போஷ் நிறுவனம் செய்து வால்வோ கார்களில் பொருத்திய முதல் உணரிகள் புகையின் சூட்டையே நம்பியிருந்தன. 1982இல் உள்ளே மின்சூடேற்றி வைத்த வகை வந்தது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே வண்டி உருளுமே, அப்போது புகையில் சூடு ஏது? சூடேற்றி இல்லையேல் உணரி ஊமையாகிவிடும். கணினியும் குறிப்பில்லாமல் மனக்கணக்காகப் பெட்ரோலை ஊற்றும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வாடகைக் கார் ஓட்டும் என் தாய்மாமனின் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பட்டறையில் கருவியைச் சொருகிப் பார்த்ததில் பி0135 என்ற குறியீடு. முன் உணரியின் சூடேற்றிச் சுற்றில் பழுது என்று பொருள். சுற்றில் பழுது என்றுதான் அது சொல்கிறது, உணரி கெட்டது என்று சொல்லவில்லை. ஆயினும் உணரியை மாற்றினார்கள். ஒரு வார வருமானம் போயிற்று. நான்காம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

பிறகு எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் பார்த்தார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். சூட்டில் உலோகத்தின் மின்தடை கூடிவிடும் அல்லவா? உணரியின் இணைப்பைக் கழற்றி, ஒரே நிறமுள்ள இரண்டு கம்பிகளுக்கிடையே அளந்தார். 12 ஓம். முடிவிலி காட்டியிருந்தால் சூடேற்றி அறுந்திருக்கும். பழைய உணரியையும் அளந்தார். அதுவும் ஏறக்குறைய அவ்வளவே! ஃப்யூஸ் நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பி, வண்டிப்பக்க இணைப்பில் மின்சாரம் வரும் முனைக்கும் வண்டி உடம்புக்கும் இடையே மீட்டர் வைத்தால் 12 வோல்ட்.

"மீட்டரை மட்டும் நம்பாத தம்பி, பல்பைப் போட்டுப் பாரு" என்றார். 5 வாட் நம்பர் பிளேட் பல்பு மங்கலாகவே எரிந்தது.

காரணத்தை நம் ஆய்வகக் கணக்கால் விளக்கலாம். மல்டிமீட்டரின் உள்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம். வழியில் 12 ஓம் களிம்பு இருந்தாலும் மீட்டர் வழியே மின்னோட்டம் இல்லாததுபோலத்தான், அழுத்தம் குறையாது. 12 ஓம் சூடேற்றியை மாட்டினாலோ 12 வோல்ட் பாதிப்பாதியாகப் பிரியும். திறன் 12 வாட்டிலிருந்து 3 வாட்டாக, நான்கில் ஒன்றாக, விழும். கணினி மின்னோட்டக் குறைவைக் கண்டு விளக்கை ஏற்றுகிறது.

இணைப்பின் உறையைப் பிரித்ததும், கம்பியை முனை கவ்வியிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு. புதிய உணரியை மாட்டும்போது அந்தக் கம்பி அசைந்து சில நாள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். முனையை மாற்றினார், பல்பு பளிச்சென்று எரிந்தது. பல்பின் மறுமுனையை வண்டி உடம்பிலிருந்து எடுத்து, கணினி தரையிடும் முனையில் வைத்து, எஞ்சினை ஓட்டியும் பார்த்தார். அங்கும் எரிந்தது. எரியாவிட்டால் கோளாறு அப்பக்கத்துக் கம்பியிலோ கணினியிலோ என்று தேட வேண்டும். அங்கே பெரிய பல்பு ஆகாது. கணினியின் டிரான்சிஸ்டர் தாங்காது.

அவர் புதுமுனை போட்டது வண்டிப்பக்கக் கம்பியில். உணரியிலிருந்து வரும் கம்பிகளை வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைக்கலாகாது. பல உணரிகளில் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்று அந்தக் கம்பி இழைகளின் இடுக்கு வழியாகவே உள்ளே போகிறது. ஈயம் அதை அடைத்துவிடும். இதே காரணத்தால் அந்த இணைப்பில் கிரீஸ் தடவுவதும் தவறு.