எழுபதைத் தாண்டினால் விற்றுவிட வேண்டுமா?

"ஆர்எஸ்ஐ எழுபதைத் தாண்டிட்டுது, வித்துப்போடுங்கோ." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பங்கு வாங்கி விற்பவர்களிடையே அடிக்கடி கேட்கும் ஆலோசனை இது. 2020இல் கைபேசியிலேயே கணக்குத் திறக்கும் வசதி வந்தபின், விலை வரைபடம் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதனோடு சில நம்பிக்கைகளும் சேர்ந்தே வந்தன.

வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1978இல் வெளியிட்ட கணக்குத்தான் ஆர்எஸ்ஐ, அதாவது ஒப்பீட்டு வலிமைச் சுட்டெண். கடந்த 14 வர்த்தக நாட்களின் சராசரி ஏற்றத்தைச் சராசரி இறக்கத்தால் வகுக்க வேண்டும். விடை 2.33 என்றால் ஆர்எஸ்ஐ 70. 4 என்றால் 80. கம்பனியின் இலாபமோ நாட்டின் வட்டிவீதமோ அதற்குள் இல்லை. விலை வேகமாக ஏறியது என்று சொல்லும். இனி இறங்கும் என்று சொல்லாது.

2021ஐப் பாருங்கள். கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 6,774இல் ஆண்டைத் தொடங்கி, ஜனவரியிலேயே முதன்முறையாக 8,000ஐக் கடந்தது. பெப்ரவரியில் சறுக்கியது உண்மைதான். எழுபதைக் கண்டு அதற்கு முன் விற்றவர் கெட்டிக்காரராகத் தெரிந்திருப்பார். ஆனால் ஆண்டு முடிந்தது 12,226இல். திரும்ப வாங்காதவருக்கு அந்தக் கெட்டித்தனம் கைநழுவிய இலாபமாகவே முடிந்தது.

ஆர்எஸ்ஐ முப்பதுக்குக் கீழே போனால் மலிவு என்பது மறுபக்க நம்பிக்கை. 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டிய சுட்டெண், டொலர் தட்டுப்பாட்டோடு சரியத் தொடங்கியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 18ஆம் திகதி முதல் ஒரு வாரம் சந்தையே மூடிக் கிடந்தது. 25ஆம் திகதி திறந்ததும் 20 பெரிய பங்குகளைக் கொண்ட எஸ்அண்ட்பி எஸ்எல்20 சுட்டெண் 10 சதவீதத்துக்கு மேல் விழ, அன்றைய வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மலிவென்று வாங்கி வைத்திருந்தவருக்கு விற்கும் வழியும் அடைபட்டது.

விலையின் நகரும் சராசரிகளை ஒப்பிடும் எம்ஏசிடியும் சேர்ந்து சொன்னால் உறுதி என்பார்கள். இரண்டும் ஒரே விலையிலிருந்து பிறப்பவை; ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றுவதுதான் அது.

கொழும்பில் வேறொரு தொல்லையும் உண்டு. பல பங்குகள் நாளுக்கு ஒருசில நூறுதான் கைமாறும். ஏறத்தாழ மூன்று வாரம் சொற்பக் கொள்வனவுகளால் விலை இறங்காமல் ஏறினாலே ஆர்எஸ்ஐ 100ஐ நெருங்கிவிடும். அங்கே வேகமும் இல்லை, கூட்டமும் இல்லை.

இவற்றைவிடப் பெரியது செலவு. பத்துக் கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்கு, தரகு 0.64, பங்குப் பரிவர்த்தனை வரி 0.30 உட்பட மொத்தம் 1.12 சதவீதம். வாங்கும்போது ஒருமுறை, சில நாள் கழித்து விற்கும்போது இன்னொருமுறை. இலட்சம் ரூபாய்க்கு 2,240 ரூபாய் போய்விடும். மாதம் நான்கு தடவை இப்படிச் சுற்றினால் ஏறத்தாழ 9 சதவீதம். அதை மீட்டபிறகே இலாபக் கணக்கு தொடங்கும்.

"ஏறும் பங்கு தொடர்ந்து ஏறும் என்ற மொமென்டம் வேலை செய்யும் என்று ஆய்வே சொல்கிறதே?" சொல்கிறது. நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993இல் எழுதியது, மூன்று முதல் பன்னிரண்டு மாத ஓட்டத்தைப் பற்றி, அதுவும் அமெரிக்கப் பங்குகளில். ஒரு மாத அளவில் விலைகள் எதிர்த்திசையில் திரும்பும் போக்கை அதே ஜெகதீஷ் 1990இலேயே காட்டியிருக்கிறார். ஐந்து நாள் வியாபாரத்துக்கு அந்த ஆய்வைத் துணைக்கு அழைப்பது பொருந்தாது.

ஆகவே, சந்தை எவ்வளவு அவசரத்தில் இருக்கிறது என்று அறிய ஆர்எஸ்ஐயைப் பாருங்கள். கட்டளை போடுமுன் அந்தப் பங்கு தினமும் எத்தனை கைமாறுகிறது என்று பாருங்கள். எதிர்பார்க்கும் ஏற்றத்தில் 2.24 சதவீதத்தைக் கழியுங்கள். மீதி ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கட்டளை வேண்டாம்.