கணக்குப் புத்தகத்தின் சாவி யார் கையில்?

கல்லாப்பெட்டியின் சாவியை நாம் அந்நியர் கையில் கொடுப்பதில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தின் சாவி இன்று யாரிடம் இருக்கிறதென்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அவ்விஷயத்தை இப்பாடத்தில் சற்று ஆராய்வோம்.

ஜூருவிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் பேரேடு இருந்த இடத்தில் இப்பொழுது கம்ப்யூட்டர் இருக்கிறது. 2015 ஏப்ரல் 1ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்கு மென்பொருள் வாங்கியவர்கள் நம்மில் பலர். 2018ல் வரி போயிற்று, மென்பொருள் போகவில்லை. 2024 ஆகஸ்ட் 1ல் மின்விலைப்பட்டியல் முறையும் பெரிய கம்பெனிகளிடமிருந்து தொடங்கிவிட்டது.

மென்பொருள் என்பது யாதெனில், கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய காரியங்களை மனிதர் வரிவரியாக எழுதிவைத்த கட்டளைகளே. அதற்கு மூலநிரல் என்று பெயர். அதைச் செய்தவரே பூட்டி வைத்துக்கொண்டால் மூடிய மென்பொருள். எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் அனுமதித்தால் திறந்த மென்பொருள். பொட்டலத்தில் வரும் மசாலாவுக்கும், கண்ணெதிரே அரைத்துத் தரும் மசாலாவுக்கும் உள்ள வித்தியாசம் இது. 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் இதை ஓர் இயக்கமாகவே தொடங்கினார். 2004ல் மலேசிய அரசாங்கமும் தன் இலாகாக்களில் திறந்த மென்பொருளைப் பரப்பத் திட்டம் வகுத்தது.

மூடியிருந்தால் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கடை வைத்துத் தபால் நிலையமும் நடத்துவோர் பலர். 1999 முதல் அவர்களுக்கு ஹொரைஸன் என்ற மூடிய கணக்கு மென்பொருள் கொடுக்கப்பட்டது. செய்தது ஃபுஜிட்ஸு கம்பெனி. மென்பொருளின் பிழையால் கணக்கில் பணம் குறைந்தது. பழியோ கடைக்காரர் மேல் விழுந்தது. கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றங்கள் அநுமானித்தன. கடைக்காரரால் உள்ளே பார்த்து மறுக்கவும் முடியவில்லை. 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டனர். இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ரா 2010ல் கர்ப்பிணியாகச் சிறை சென்றார். ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில்தான் நீதிபதி உண்மையை வெளியிட்டார்: மென்பொருளில் பிழைகள் இருந்தன, கம்பெனி ஆட்கள் வெளியிலிருந்தே கடைக் கணக்கில் கைவைக்கவும் முடிந்தது. 2024 மேயில் தனிச்சட்டம் இயற்றி எஞ்சிய தீர்ப்புகளை ரத்து செய்தார்கள். போன மானமும் வருஷங்களும் திரும்புமா?

"நமக்கு நிரல் படிக்கத் தெரியாதே" என்பது நியாயமான ஆட்சேபம். தராசின் உள்ளமைப்பும் நமக்குத் தெரியாதுதான். சோதித்து முத்திரையிட ஒருவர் இருப்பதால் வாடிக்கைக்காரர் நம்புகிறார். அதுபோல, தெரிந்தவரைக் கொண்டு சோதிக்க முடிவதே திறந்த மென்பொருளின் பலம்.

ஆயினும் திறந்தது என்பதாலேயே குற்றமற்றது ஆகிவிடாது. ஹார்ட்பிளீட் என்ற பிழை 2012 முதல் ஒரு திறந்த மென்பொருளில் இருந்தும், 2014 வரை யாரும் கவனிக்கவில்லை. கதவு திறந்திருந்தால் போதாது, பார்ப்பவரும் வேண்டும். பழுது பார்க்கும் ஆளுக்கும் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே, எந்த மென்பொருளானாலும் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்போமாக:

1. நம் கணக்கு முழுவதையும், வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில், விரும்பிய நாளில் எடுத்துக்கொள்ள முடியுமா?

2. சந்தா நின்றாலும், கம்பெனியே மூடினாலும் பழைய கணக்கு திறக்குமா? வருமான வரிக்காக நாம் ஏழு வருஷக் கணக்கை வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள்.

3. வெளியிலிருந்து யார் நம் கணக்கைத் திருத்தலாம்? திருத்தினால் அதற்குப் பதிவு இருக்குமா?

குனூகேஷ், லிப்ரேஆபீஸ் போன்ற திறந்த மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன, பழகிப் பார்க்கலாம். மூடியதையே வாங்கினாலும், மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாதந்தோறும் ஒரு பிரதியைக் கடையில் வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதமே கணக்கு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமே; மென்பொருள் விற்றவர் அல்ல.