கம்பி வழி வந்த உலகம்

சென்னை மாநகரின் வடகோடியில், கிழக்கே வங்கக் கடலும் வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரமும் எல்லையாக அமைந்த ஊர் காத்திவாக்கம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள் அதனை அடுத்துக் கடலோரத்தும் கழியோரத்தும் அமைந்துள்ளன. அலையோசையும் ஆலைச் சங்கின் ஒலியும் ஒருங்கே கேட்கும் இடம் அது. வலை செப்பனிடும் மீனவரும், மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளரும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்து செல்வதை அங்கே காணலாம். நெடுங்காலம் தனி நகராட்சியாக விளங்கிய காத்திவாக்கம், 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது.

இத்தகைய ஊர்களில் வாழும் எளிய மக்கள், இணையம் என்னும் உலகப் பெருவலையோடு எவ்வாறு இணைந்தனர் என்பது அறிந்துகொள்ளத் தக்க வரலாறு. கணிப்பொறியைப் படைத்த அறிஞரின் பெருமையைப் பல நூல்கள் பேசுகின்றன. அக்கருவி ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கு எட்டிய கதையையோ அவை பெரிதும் பேசுவதில்லை.

கடல் கடந்து செய்தி அனுப்பும் கலை சென்னைக்குப் புதியதன்று. 1871-ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டிருந்தது. ஆயினும் அக்கம்பி வணிகர்க்கும் ஆட்சியாளர்க்குமே பயன்பட்டது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தல் எளியவரால் இயலாது. அவர்தம் வீட்டுக்குத் தந்தி வந்தது என்றாலே, பிரித்துப் படிக்கும் முன்னரே அழுகுரல் எழும். இறப்புச் செய்தியன்றி வேறெதற்கும் அவர்கள் தந்தியை நாடியதில்லை. புதிய கருவி ஒன்று ஊருக்குள் வருவது வேறு; அது மக்களுக்கு உரியதாவது வேறு.

இணையத்தின் தோற்றம் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. 1969-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்ப முயன்றனர். அனுப்ப எண்ணியது ஐந்து எழுத்துடைய ஓர் ஆங்கிலச் சொல். இரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்த அளவில் அமைப்பு செயலற்றுப் போயிற்று! அன்று இரண்டெழுத்தோடு நின்றுபோன வலையே பின்னர் உலகெங்கும் படர்ந்தது.

அவ்வலை இயங்கும் முறை மிக எளியது. ஒரு பெரிய நூலை மொத்தமாக அனுப்பாமல், பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ணிட்டு, தனித்தனி அஞ்சலட்டைகளாக அனுப்புவதாகக் கொள்வோம். ஓர் அட்டை ஒரு வழியாகச் செல்லும். மற்றோர் அட்டை வேறு வழியாகச் செல்லும். ஒரு வழி அடைபட்டால் பிறிதொரு வழி உண்டு. சேருமிடத்தில் உள்ளவர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொண்டால் நூல் முழுமை பெறும். வாராத அட்டை இருப்பின், அதனை மட்டும் மீண்டும் கேட்டு வாங்கலாம். இணையத்தில் செய்திகள் இவ்வாறே சிறுசிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கின்றன.

இந்தியாவில் 1986-ஆம் ஆண்டு 'எர்நெட்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்புத் தொடங்கப்பெற்றது. அதில் முதற்கண் இடம்பெற்ற எட்டு நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. கிண்டியை அடுத்த அக்கழகத்துக்கும் காத்திவாக்கத்துக்கும் இடைப்பட்ட தொலைவு முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்டதே. ஆயினும், கழகத்தின் பேராசிரியர் அமெரிக்காவிலுள்ள அறிஞருக்கு மின்னஞ்சல் விடுத்த நாளில், காத்திவாக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தொலைபேசி கிடைப்பதே அரிதாக இருந்தது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் அக்கால நடைமுறை.

பொதுமக்களுக்கான இணையச் சேவையை, விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. விடுதலைத் திருநாளில் தொடங்கிய அச்சேவை, விலையைப் பொறுத்தவரை எளியவர்க்கு விடுதலை தரவில்லை என்றே சொல்ல வேண்டும். எழுத்துகளை மட்டும் காட்டும் இணைப்பு ஒன்றுக்குத் தனி மனிதர் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. படங்களையும் காட்டும் இணைப்புக்கு அதனினும் பன்மடங்கு. இத்தொகையொடு தொலைபேசிக் கட்டணம் வேறு. கணிப்பொறியின் விலை வேறு. ஆலைத் தொழிலாளி ஒருவர் இவற்றை நினைத்துப் பார்க்கவும் இயலாது. முதல் ஆறு திங்களில் நாடு முழுவதும் இணைப்புப் பெற்றோர் ஏறத்தாழ 10,000 பேரே. மாணவர்க்கென 500 ரூபாய்க்கு ஓர் இணைப்பு வழங்கப்பெற்றது பாராட்டத் தக்கது. எனினும் வீட்டில் தொலைபேசியும் கணிப்பொறியும் உடைய மாணவர்க்கே அச்சலுகை பயன்பட்டது.

இணைப்பு எனினும் அது இன்றைய இணைப்பைப் போன்றதன்று. தொலைபேசிக் கம்பி மனிதக் குரலைச் சுமப்பதற்கென அமைக்கப்பட்டது. கணிப்பொறியோ ஒன்றும் சுழியமுமாகிய இரண்டு குறிகளையே அறியும். இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டுமன்றோ? அப்பணியைச் செய்தது 'மோடம்' என்னும் சிறு பெட்டி. கணிப்பொறியின் குறிகளை அது ஒலியாக மாற்றிக் கம்பியில் செலுத்தும். மறுமுனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றும். இணைப்பு ஏற்படுங்கால் இரு முனைப் பெட்டிகளும் ஒன்றையொன்று கூவி அழைத்துக் கீச்சிடும் ஒலியை அக்காலத்தவர் மறந்திலர். தொடக்கத்தில் அதன் வேகம் வினாடிக்கு 9,600 குறிகள். எட்டுக் குறிகள் சேர்ந்தே ஓர் எழுத்தாகும். ஆதலின் வினாடிக்கு 1,200 எழுத்துகள் வந்தன. அறுபதாயிரம் எழுத்துக்கு ஒப்பான சிறு படம் ஒன்று திரையில் முழுமையாகத் தோன்ற ஐம்பது வினாடி ஆகும். முதலில் நெற்றி தெரியும். பின்னர்க் கண்கள் தெரியும். வாய் தெரியுமுன் இணைப்பு அறுந்துபோதலும் உண்டு. இணையம் இயங்கும்வரை அவ்வீட்டுத் தொலைபேசியில் வேறு எவரும் பேச இயலாது என்பது மற்றொரு தொல்லை.

1998-ஆம் ஆண்டு நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை வழங்க அரசு இசைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே அவ்வாண்டே சேவையைத் தொடங்கியது. போட்டி மிகுந்தது, விலை வீழ்ந்தது. ஆயினும் எளிய மக்களை இணையத்திடம் அழைத்துச் சென்றவர் பெருநிறுவனத்தார் அல்லர், தெருமுனைக் கடைக்காரரே. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுத் தெருக்களில் மஞ்சள் பலகை தாங்கிய எஸ்.டி.டி. பூத்துகள் பெருகியிருந்தன. வீட்டில் தொலைபேசி இல்லாதவர் அங்குச் சென்று, பேசிய நேரத்துக்கு மட்டும் காசு கொடுத்தனர். அதே முறையைக் கணிப்பொறிக்கும் பொருத்தியபோது பிறந்ததே 'பிரவுசிங் சென்டர்'. பொருளை வாங்க இயலாதவன் அதன் பயனை மணிக்கணக்கில் வாங்கலாம் என்னும் அவ்வெளிய எண்ணம், கோடிக் கணக்கான ரூபாய்த் திட்டங்கள் செய்யாததைச் செய்தது.

பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணிப்பொறி. வாயிலில் நேரத்தைக் குறிக்கும் குறிப்பேடு. தொடக்கத்தில் மணிக்கு முப்பது ரூபாய்க்கு மேலும் வாங்கினர். கடைகள் பெருகப் பெருகக் கட்டணம் பாதியாயிற்று. பின்னர் அதனினும் குறைந்தது. அரை மணிக்கு மட்டும் காசு வைத்திருந்த இளைஞர் இருவர் மூவராய்ச் சேர்ந்து ஒரே திரையின்முன் நெருங்கி அமர்வர். கப்பலில் பணியாற்றும் தமையனுக்கும், வளைகுடா நாட்டுக்குச் சென்ற தந்தைக்கும் அங்கிருந்தே மின்னஞ்சல் சென்றது. எழுதப் படிக்க அறியாத தாயர் சொல்லச் சொல்ல, கடையில் பணிபுரிந்த இளைஞர் தட்டச்சு செய்து அனுப்புவர். முன்னாளில் அஞ்சலகத் திண்ணையில் அமர்ந்து பிறருக்காகக் கடிதம் எழுதித் தந்த பெரியவரின் இடத்தை இவ்விளைஞர் பெற்றனர் எனலாம்.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அக்கடைகள் திருவிழாக் கோலம் கொண்டன. அதற்கு முன்னர், மாலை நாளிதழில் நெருக்கமாக அச்சிடப்பட்ட எண்களுக்கிடையே தம் எண்ணைத் தேடுவது மாணவரின் வழக்கம். இணையத்தில் முடிவுகள் வெளிவரத் தொடங்கிய பின், காத்திவாக்கத்து மாணவனும் மயிலாப்பூர் மாணவனும் ஒரே நேரத்தில் தம் மதிப்பெண்ணை அறிய முடிந்தது.

மொழி மற்றொரு தடையாக நின்றது. தொடக்க நாளில் இணையம் ஆங்கிலமே பேசியது. தமிழில் எழுதுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டதால், ஒருவர் எழுதியது மற்றவர் கணிப்பொறியில் பொருளற்ற கோலமாகத் தோன்றிற்று. இக்குறையைக் களைய முதன்முதல் முயன்றவர் பலர் கடல் கடந்த தமிழரே. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டு தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாட்டின் பயனாக விசைப்பலகையில் ஒரு பொதுமுறை ஏற்பட்டது. 'தமிழ் 99' என்னும் அம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

மீனவரை இணையத்தோடு இணைத்த சிறந்த முயற்சி, காத்திவாக்கத்துக்குத் தெற்கே அதே வங்கக் கரையில் நிகழ்ந்தது. 1998-ஆம் ஆண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் சிற்றூர் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை இடம். ஊரார் இலவசமாக இடம் தர வேண்டும். சாதி வேறுபாடின்றி எவரும் உள்ளே வர இசைய வேண்டும் என்பன நிறுவனத்தார் விதித்த விதிகள். கருவிகளைக் காட்டிலும் இவ்விரண்டாம் விதியே அருமையானது. தொலைபேசி எட்டாத ஊர்களுக்கு வானொலி அலை வழியாகச் செய்தி அனுப்பினர். மின்சாரம் நில்லாத ஊர்களில் கதிரவன் ஒளியால் கருவிகளை இயக்கினர்.

வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில் நடந்தது வியப்புக்குரியது. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் உலகக் கடல்களின் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு வெளியாகி வந்தது. வில்லியனூரில் இருந்தோர் அதனை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினர். அங்கே ஒலிபெருக்கி வழியாக அச்செய்தி கடற்கரையெங்கும் ஒலித்தது. போர்க் கப்பல்களுக்கெனக் கணிக்கப்பட்ட அலை அளவு, கட்டுமரம் தள்ளும் மீனவர் காதில் அவர்தம் மொழியிலேயே விழுந்தது! கணிப்பொறியைத் தொட்டறியாத முதியவரும் அதனால் பயன் பெற்றார். இணைப்பு என்பது ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருத்தல் மட்டுமன்று என்பதை அவ்வொலிபெருக்கி காட்டியது.

மதுரை மாவட்டத்து மேலூர் வட்டத்தில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி வேறு வகையது. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறை அங்குக் கையாளப்பட்டது. ஒரு கோபுரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஊர்களுக்குக் கம்பி இழுக்காமலே இணைப்புத் தரலாம். ஒரே வேளையில் பேசவும் இணையத்தில் உலவவும் இயலும். சிற்றூர் மக்கள் தம் கண்ணின் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி அறிவுரை பெற்றனர். எனினும் அம்மையங்கள் பலவற்றின் வருவாய் செலவுக்குப் போதவில்லை. நாளடைவில் அவை மூடப்பெற்றன.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. எண்ணூர்க் குப்பங்களும் அதற்குத் தப்பவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரிலும் ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்தார். நிலநடுக்கச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிய அவர், கடல்நீர் ஊருக்குள் ஏறுவதைக் கேட்டறிந்து, அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்று எச்சரித்தார். செய்தி கேட்டோர் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. உயிர் ஒன்றும் போகவில்லை.

பின்னர்க் கைப்பேசி பரவியது. பிரவுசிங் சென்டர்கள் பல, படியெடுக்கும் கடைகளாகவும் விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைகளாகவும் மாறின. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களையும் அலையின் உயரத்தையும் கணித்து அறிவிக்கிறது. அவ்வறிவிப்பு மீனவரின் கைப்பேசிக்கே வந்து சேர்கிறது. ஆயினும் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்தால் கைப்பேசி அலை தேய்ந்துவிடும். புயல் எச்சரிக்கை தேவைப்படுவதோ அதற்கு அப்பால் சென்றவர்க்கே. அவர்களுக்கெனச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் 'ஜெமினி' என்னும் கருவி 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகம் செய்யப்பெற்றது. ஆழ்கடலில் உள்ள படகில் அக்கருவி அச்செய்தியைப் பெற்று, மீனவரின் கைப்பேசித் திரையில் காட்டுகிறது.